டார்வினுக்கு வந்த கடிதங்களும் பெயரில்லாத சாட்சிகளும்

அறிஞர் ஒருவரின் பெருமையை அவர் எழுதிய நூல்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். அவர் பிறருக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து அச்சிட்டுப் படிப்பதும் உண்டு. ஆனால், அவருக்குப் பிறர் எழுதிய கடிதங்களைத் தேடிப் படிப்போர் சிலரே. கிணற்றைப் புகழ்வோர் அதன் ஊற்றுக்கண்ணை நினைப்பதில்லை.

சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கில அறிஞரின் விஷயத்தில் இவ்வழக்கத்தைச் சற்றே மாற்றிப் பார்க்க விரும்புகின்றோம். 1809-ம் ஆண்டு பிறந்து 1882-ம் ஆண்டு மறைந்த இவரை, 1859-ல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலின் ஆசிரியர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். இளமையில், 1831 முதல் 1836 வரை, ‘பீகிள்’ என்ற கப்பலில் இவர் உலகைச் சுற்றி வந்தார். அதன்பின் தம் நாட்டை விட்டு வெளியே செல்லவே இல்லை. ஓயாத நோயாளி. கெண்ட் மாகாணத்திலுள்ள டௌன் என்ற சிற்றூரில் 1842 முதல் இறக்கும் வரையில் நாற்பது ஆண்டுகள் வீட்டோடு வாழ்ந்தவர். அவ்வாறு வாழ்ந்தவர் கடல்சூழ்ந்த இவ்வுலகத்துப் புறாக்களையும் பூக்களையும் மாந்தரின் முகங்களையும் பற்றி எழுதியது எங்ஙனம்? தபால் மூலமாகத்தான்.

அவர் எழுதியனவும் அவருக்கு வந்தனவுமாகச் சுமார் 15,000 கடிதங்கள் இன்று அறியப்பட்டிருக்கின்றன. எழுதியோரும் பெற்றோரும் ஏறத்தாழ 2,000 பேர். இக்கடிதங்களை ஒழுங்குபடுத்தும் வேலை 1974-ல் தொடங்கிற்று. முதல் தொகுதி 1985-ல் வெளிவந்தது. முப்பதாவதும் இறுதியானதுமான தொகுதி 2023-ல் வெளிவந்தது. ஒரு மனிதரின் தபால் பையை அவிழ்த்து அடுக்குவதற்கு அரை நூற்றாண்டு ஆகியிருக்கின்றது!

தமக்கு வந்த கடிதங்களைப் போற்றி வைக்கும் பழக்கம் டார்வினுக்கு இருந்தது. வேண்டிய பகுதியைக் கத்தரித்து, புறா பற்றியது புறாக் கட்டிலும், பூப் பற்றியது பூக் கட்டிலுமாகச் சேர்த்து வைப்பார். எழுதியவர் பிரபுவா, தோட்டக்காரரா என்று பார்ப்பதில்லை. சொன்ன செய்தி மெய்யா என்பதையே பார்ப்பார்.

அக்கடிதங்களில் பல நம் நாடுகளிலிருந்து சென்றவை. கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் பொருட்காட்சிச் சாலையைச் சொற்பச் சம்பளத்தில் காத்துவந்த எட்வர்டு பிளித் என்பவர், இந்திய விலங்குகளையும் பறவைகளையும் பற்றி ஏடு ஏடாக எழுதி அனுப்பினார். சென்னை அரசாங்கத்தில் அதிகாரியாயிருந்த வால்ட்டர் எலியட் என்பவர் புறாக்களின் தோல்களைப் பதப்படுத்தி அனுப்பினார். வளர்ப்புப் புறாக்களெல்லாம் ஒரே காட்டுப் புறாவின் வழிவந்தவை என்று டார்வின் நிறுவியபோது, எலியட்டுக்கு நன்றி கூறி எழுதினார். அப்புறாக்களைப் பிடித்தவர் யார், தோலுரித்துப் பதப்படுத்தியவர் யார் என்பதற்கு அந்த நன்றியுரையில் இடமில்லை.

இக்கடிதங்களில் தலைசிறந்தது என்று உலகம் கருதும் ஒன்று இத்தீவுகளிலிருந்தே சென்றது. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1854-ல் சிங்கப்பூரில் வந்திறங்கி, மலாக்காவில் பறவையும் பூச்சியும் தேடி, சரவாக்குக்கும் அப்பாலுள்ள தீவுகளுக்கும் சென்றவர். 1858-ம் ஆண்டின் தொடக்கத்தில் தெர்னாத்தே தீவிலிருந்து அவர் டார்வினுக்கு ஒரு கடிதமும் கட்டுரையும் அனுப்பினார். டார்வின் இருபது ஆண்டுகளாக மனத்தில் வைத்துப் பூட்டியிருந்த கொள்கையே அக்கட்டுரையில் இருந்தது. அதே ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி இருவரின் எழுத்துக்களும் இலண்டனில் லின்னேயன் சங்கத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை கடிதங்களைக் காத்துவைத்த டார்வினின் வீட்டில், அந்த ஒரு கடிதத்தை மட்டும் காணோம். இன்றுவரை அது கிடைத்தபாடில்லை.

வாலேஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவருடன் பல ஆண்டுகள் காடுமேடெல்லாம் அலைந்து, பறவைகளைச் சுட்டு, பாடம் செய்தவன் சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞன். வாலேஸ் தமது நூலில் அவன் பெயரைச் சொல்கிறார்; 1862-ல் சிங்கப்பூரை விட்டுச் செல்லுமுன் அவனைப் படம் பிடிக்கவும் செய்தார். அலியின் பெயர் பிழைத்தது. அவ்வாறு பிழைத்த பெயர்கள் மிகச் சில என்பதை மேலே காண்போம்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்திற்கு வருவோம். 1867-ம் ஆண்டில் டார்வின் பதினாறு வினாக்களைக் கொண்ட ஒரு தாளை அச்சிட்டு, உலகத்தின் நாலா திசைகளுக்கும் அனுப்பினார். மாந்தர் தம் உள்ளத்து உணர்ச்சிகளை முகத்தாலும் உடம்பாலும் எவ்வாறு காட்டுகின்றனர் என்பதே வினா. வியப்பு வந்தால் கண்ணும் வாயும் அகன்று புருவம் உயருகின்றதா? நாணத்தால் முகம் சிவக்கின்றதா? சினம் கொண்டவன் நெஞ்சை நிமிர்த்திக் கைவிரல்களை மடக்குகின்றானா? துயரத்தில் வாயின் இரு ஓரங்களும் தாழ, புருவத்தின் உள்முனைகள் மட்டும் உயருகின்றனவா? ஊடிய குழந்தை உதட்டைப் பிதுக்குகின்றதா? ‘ஆம்’ என்பதற்குத் தலையை மேலும் கீழும், ‘இல்லை’ என்பதற்குப் பக்கவாட்டிலும் அசைக்கின்றனரா? இவற்றை நினைவிலிருந்து எழுதாமல், கண்ணால் கண்டதை மட்டும் எழுதவேண்டுமென்று அவர் கேட்டுக்கொண்டார்.

தமிழருக்கு இது புதிய கேள்வியன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றொரு இயல் இருக்கின்றது. உள்ளத்தில் எழுவது மெய்யில் தோன்றுதலே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக அதனை வகுத்தனர் முன்னோர். அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களும் கூறினர். அழுகைக்குக் காரணம் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இன்ன குலத்தார் அழுகை, இன்ன குலத்தார் நகை என்று அங்கே பிரிவு இல்லை. ஆனால் நம் முன்னோர் அதைச் செய்யுளுக்கு இலக்கணமாக வைத்தனர். டார்வின் அதையே உலகம் முழுவதும் சாட்சி கேட்டு விசாரணை செய்தார். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

முப்பத்தாறு விடைகள் வந்தன. எழுதியோருட் பலர் பாதிரிமார், அல்லது பழங்குடி மக்களைக் காக்க அமர்த்தப்பட்ட அதிகாரிகள். அவ்விடைகளைக் கொண்டு 1872-ம் ஆண்டு டார்வின் வெளியிட்ட நூலில், நம் தீபகற்பத்திலிருந்து சென்ற இரண்டு நீண்ட கடிதங்களைத் தனியே எடுத்துப் பாராட்டுகின்றார். அவற்றை எழுதியவர் கீச் என்ற சுரங்கப் பொறியாளர். 1861-ல் தீமோர் தீவில் செப்புச் சுரங்க வேலைக்கு வந்திருந்தபோது வாலேஸுக்கு அறிமுகமானவர். வாலேஸே அவரை டார்வினுக்கு அறிமுகம் செய்துவைத்தார். மலாக்காவின் உள்நாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளையரோடு அதற்குமுன் பழகியிராத மக்களை அவர் கண்டு எழுதினார். இங்குக் குடியேறிய சீனரையும் கவனித்து எழுதினார்.

அந்நாளில் இப்பகுதி எவ்வாறு இருந்தது என்பதை நேயர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். இன்று கோபுரங்கள் நிற்கும் கோலாலம்பூர், 1857-ல் கிள்ளானிலிருந்து ஆற்று வழியே ஏறிச் சென்ற 87 சீனச் சுரங்கத் தொழிலாளர் காட்டை வெட்டியதால் தோன்றியது. ஒரே மாதத்தில் காய்ச்சலுக்குத் தப்பியவர் 18 பேர்தான் என்று சொல்லப்படுகின்றது. டார்வின் வினாத்தாளை அச்சிட்ட அதே 1867-ம் ஆண்டில் கிள்ளான் போர் மூண்டு, சிலாங்கூர் முழுவதும் பற்றி எரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் செங்கற் சூளையும் இல்லை, ரயிலும் இல்லை. இத்தகைய காலத்தில், ஈயம் தேடி வந்த ஒருவர், மக்களின் முகத்தை உற்று நோக்கி ஒரு நோயாளி அறிஞருக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அளவுகடந்து சிரிக்கும்போது எல்லா மக்களுக்கும் கண்ணீர் வருகின்றதா என்று அறிய டார்வின் ஆசைப்பட்டார். மலாக்கா தீபகற்பத்துக் காடுகளில் வாழும் ஒரு பழங்குடிப் பெண்கள் மனமாரச் சிரிக்கும்போது, அரிதாகவேனும் கண்ணீர் வருவதுண்டு என்று விடை கிடைத்தது. இந்துக்களிடத்தில் ஒரு நிகழ்ச்சி கண்ணால் காணப்பட்டது. இது அடிக்கடி நிகழ்வதே என்று அவர்களே சொன்னார்களாம். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வரப் பார்த்தது என்று சொல்வது போர்னியோவின் டயாக்குப் பெண்களிடையே வழக்கமென்று சரவாக்கின் ராஜா புரூக் எழுதினார். சிரிப்பின் கண்ணீரில் கென்ட் மாகாணத்துச் சீமாட்டியும் காட்டுக் குடிசைப் பெண்ணும் ஒன்று!

இலங்கையிலிருந்து கிளெனி என்னும் பாதிரியார் எழுதினார். பிடிபட்ட யானைகள் கண்ணீர் விடுகின்றன என்று டென்னன்ட் என்பவர் இலங்கையைப் பற்றிய தம் நூலில் எழுதியிருந்தார். அது உண்மையா என்று டார்வின் கேட்க, அண்மையில் பிடிக்கப்பட்ட யானைக் கூட்டமொன்றைப் பாதிரியாரும் பிறரும் சென்று பார்த்தனர். அவை கண்ணீர் விடவில்லை. யானை அழுது தாங்கள் ஒருநாளும் கண்டதில்லை என்று அவ்வூர் வேட்டைக்காரர்களும் சொன்னார்கள். ஒரு பெரிய ஆங்கில அதிகாரியின் அச்சிட்ட நூலுக்கு எதிராக, எழுத்தறியாத வேடர்களின் வாய்மொழியும் சாட்சியாக ஏறிற்று. அந்த வேடர்களின் பெயர் என்ன? கடிதத்தில் இல்லை.

முப்பத்தாறு விடைகளுள்ளும் இவ்வளவு நிறைவும் பயனும் உள்ள செய்திகளை வேறெவரும் அனுப்பவில்லை என்று டார்வின் வியந்து சொல்வது ஜான் ஸ்காட் என்பவரைத்தான். இவர் ஸ்காத்லாந்து தேசத்தவர்; பட்டம் பெற்றவர் அல்லர்; எடின்பரோ தாவரத் தோட்டத்தில் நாற்று வளர்க்கும் தொழிலாளி. டார்வின் 1862-ல் எழுதிய பூக்களைப் பற்றிய நூலில் ஒரு பிழை இருப்பதாக அவருக்கே கடிதம் எழுதினார். வேறொருவராயின் என்ன செய்திருப்பார்? ‘மண்வெட்டி பிடிப்பவன் எனக்குச் சொல்லித் தருவதா?’ என்று குமுறியிருப்பார். டார்வினோ நன்றி கூறி எழுதினார், நட்புப் பூண்டார், 1864-ல் தம் செலவிலேயே அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பி வைத்தார். அவ்வாறு சென்ற ஸ்காட், கல்கத்தா தாவரத் தோட்டத்தின் காப்பாளரானார். அங்கே கூலிவேலை செய்த பல இனத்து மக்களின் முகங்களை நெடுநாள் கவனித்தார்.

அவர் எழுதிய இரண்டு நிகழ்ச்சிகளை டார்வின் தம் நூலில் சேர்த்திருக்கின்றார். அவற்றை எம்முடைய சொற்களால் இங்கே தருகின்றோம்.

நாகபுரிப் பக்கத்திலிருந்து வந்த தாங்கர் குலத்து இளம்பெண் ஒருத்தி. தோட்டக்காரர் ஒருவரின் மனைவி. சாகும் நிலையிலிருந்த தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்காட் செடிகளின் மறைவிலிருந்து பார்த்தார். அவளுடைய புருவங்களின் உள்முனைகள் உயர்ந்திருந்தன, இமைகள் சோர்ந்திருந்தன, நெற்றியின் நடுவே சுருக்கம் விழுந்திருந்தது, வாய் சிறிது திறந்து அதன் ஓரங்கள் தாழ்ந்திருந்தன. கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. பிறகு அவர் மறைவிலிருந்து வெளியே வந்து அவளிடம் பேசினார். அவள் திடுக்கிட்டாள், கதறி அழுதாள், தன் குழந்தையைக் காப்பாற்றும்படி மன்றாடினாள். டார்வினின் பக்கத்தில் அச்செய்தி அத்துடன் முடிகின்றது.

மற்றொருவர் ஹிந்துஸ்தானத்து ஏழை. நோயும் வறுமையும் நெருக்க, ஆசையாய் வளர்த்த ஆட்டை விற்கவேண்டி வந்தது. காசு கைக்கு வந்த பின்னும் அவர் காசைப் பார்ப்பார், ஆட்டைப் பார்ப்பார். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று எண்ணுபவர்போல் நின்றார். கிட்டே போனார். கட்டியிருந்த ஆடு முன்கால்களைத் தூக்கி எழுந்து அவர் கையை நக்கிற்று. கண்கள் நிலைகொள்ளாமல் அலைந்தன, வாயோரங்கள் தாழ்ந்தன, பிரிந்தே தீரவேண்டும் என்று மனம் துணிந்த கணத்தில் புருவங்கள் சாய்ந்தன. நெடுமூச்சு விட்டு அழுதார். இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டை வாழ்த்தினார். திரும்பினார், பின்னே பாராமல் நடந்தார்.

மெய்ப்பாட்டியல் கூறும் இழவும் வறுமையும் இவை. இதற்கு மேல் உரை வேண்டுமா?

ஆயினும் எல்லாக் கடிதங்களும் இவ்வளவு தெளிவாக வந்துவிடவில்லை. பம்பாய் மாகாணத்தில் அகமத்நகர் ஜில்லாவிலிருந்த எர்ஸ்கின் என்ற அதிகாரி, தம்மால் உறுதியாக ஒன்றும் சொல்ல இயலவில்லை என்று தெரிவித்தார். காரணம்: ஐரோப்பியர் முன்னிலையில் அங்குள்ள மக்கள் எந்த உணர்ச்சியையும் வெளிக்காட்டாமல் மறைத்துக்கொள்கின்றனர் என்பதே. டார்வின் இதை ஓர் இடையூறாகக் குறித்துக்கொண்டு மேலே செல்கின்றார். நாம் அவ்வாறு கடந்துசெல்ல முடியவில்லை. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு அந்த மறைப்பு நன்றாகத் தெரியும். காலைப் பிரட்டில் வரிசையாய் நிற்கும் ஆட்களின் முகத்தில் ஒன்றும் எழுதியிராது. பிடித்தத்தைச் சொல்லும்போதும் ஒன்றும் தோன்றாது. மேசைக்கு அப்பால் போன பிறகே முகம் முகமாகும். துரைக்கு மட்டும் காட்டாத முகம் என்று எண்ணி நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை, கிராணிக்கும் காட்டுவதில்லை. இன்று நம் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் நமக்குக் காட்டும் முகமும் அதுவே. அதிகாரம் இருக்குமிடத்தில் முகம் கதவைச் சாத்திக்கொள்கின்றது. எர்ஸ்கினின் கடிதம் ஒன்றும் அறியாதவரின் கடிதமன்று; அறியவேண்டிய ஒன்றை அறிவித்த கடிதமே.

டார்வின் கண்ட முடிவு யாது? உலகம் எங்கும் ஒரே மனநிலை வியக்கத்தக்க ஒற்றுமையோடு ஒரே வகையாக வெளிப்படுகின்றது என்பது. மனித இனங்கள் யாவும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதற்கு இது புதியதொரு சான்று என்றும் அவர் எழுதினார். வெவ்வேறு நிற மாந்தர் வெவ்வேறு உயிரினங்கள் என்று கற்றோரே வாதாடிய காலம் அது. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து இரண்டாண்டே ஆகியிருந்தபோது அவ்வினாத்தாள் அச்சாயிற்று. அடிமைமுறையை டார்வின் வாழ்நாள் முழுவதும் வெறுத்தவர்.

உண்மைக்கு மாறாக அவரைப் புகழ்வது நமது நோக்கமன்று. மக்களில் ஒரு சாராரைக் காட்டுமிராண்டிகள் என்றும் கீழ்நிலையினர் என்றும் எழுத அவர் தயங்கியதில்லை. வெள்ளையர் ஆதிக்கத்திற்கு அவர் கொள்கையைக் கேடயமாகப் பிடித்தோர் பின்னர்ப் பலர் தோன்றினர். தலையசைப்பு எல்லா நாட்டிலும் ஒன்றல்ல என்பதை அவருக்கு வந்த கடிதங்களே காட்டின. அதை அவர் மறைக்கவும் இல்லை. 1960-களில் பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலார் நியூகினி மலைவாழ் மக்களிடையே அதே வினாவை மீண்டும் எழுப்பி, டார்வினுக்குச் சாதகமாகவே பெரிதும் கண்டார். மறுப்போர் இன்றும் உள்ளனர். அறிவுலகில் விசாரணை முடிவதில்லை. அதுவே அதன் சிறப்பு.

ஆனால், பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசுவோர் பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்று இக்கடிதங்களில் இருக்கின்றது. குழந்தையை இழக்கும் தாயின் புருவம் எல்லாக் குலத்திலும் ஒருபடித்தாகத்தானே உயருகின்றது? கப்பலேறிக் கடல்கடந்து வந்தும் சாதியை மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர்கள் நாம். லயத்தில் மேல்வரிசை கீழ்வரிசை பார்த்தோம். கோயிலில் வாசற்படி பார்த்தோம். இன்றும் திருமணப் பேச்சில் பார்க்கின்றோம். தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கியவனின் கண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர் அதில் வேறு உப்பைக் கண்டதுண்டா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் முப்பத்தாறு கடிதங்கள் சொன்ன செய்தியை, நம் தெருவில் இன்னும் சொல்லவேண்டியிருக்கின்றது.

இனி, இக்கடிதங்களில் இல்லாததைப் பற்றிச் சிறிது பேசுவோம். கீச் பெயர் இருக்கின்றது. ஸ்காட் பெயர் இருக்கின்றது. கிளெனி, எர்ஸ்கின், புரூக் பெயர்கள் இருக்கின்றன. சிரித்துக் கண்ணீர் விட்ட காட்டுப் பெண்ணுக்குப் பெயரில்லை. ஆட்டை விற்றவருக்குப் பெயரில்லை. மடியில் குழந்தையோடு மன்றாடியவளுக்குப் பெயரில்லை; அக்குழந்தை பிழைத்ததா என்ற செய்தியும் இல்லை. புருவம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது மட்டும் நிலைத்திருக்கின்றது.

அவள் நமக்கு அந்நியள் அல்லள். சோட்டா நாகபுரி மலைநாட்டிலிருந்து கூலிக்கு வந்த மக்களைத்தான் அந்நாளில் கல்கத்தாவில் தாங்கர் என்று அழைத்தனர். 1830-களிலேயே அவர்களுட் பலர் மொரீஷியசுக்கும் பிரிட்டிஷ் கயானாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் சென்ற வழியிலேதான் பின்னர் நம் முன்னோரும் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்டனர்.

நம்மை இங்கே கொண்டுவந்த ரப்பரும் அதே கடிதப் பாதையில் வந்ததே. டார்வினின் ஆருயிர் நண்பரும், அவருடன் மிகுதியாகக் கடிதம் எழுதிக்கொண்டவருமான ஜோசப் ஹூக்கர் என்பவர் கியூ தோட்டத்தின் தலைவர். 1876-ல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகள் அவருடைய தோட்டத்திற்கு வந்தன. முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்குச் சென்றது. அங்கே பேராதனைத் தோட்டத்தை நடத்திய துவெயிட்ஸ் என்பவரும் டார்வினோடு கடிதத் தொடர்பு கொண்டவரே. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றின் வழிவந்த மரங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழகத்து ஊர்களுக்குச் சென்றனர். 1901-ல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், நம் பாட்டன்மார் இறங்கினர். விதை எத்தனை, கன்று எத்தனை என்று கணக்கு இருக்கின்றது. இறங்கியவர் பெயர்கள் எங்கே?

அப்பெயர்கள் இருந்த இடங்களுள் ஒன்று தோட்டத்துச் செக்ரோல். இதனைச் சொல்வதற்கு நமக்கு வெட்கமாக இருக்கின்றது, ஆயினும் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டம் ஒன்று வீட்டுமனைகளாக மாறும் தறுவாயில், அலுவலகத்துப் பின்கட்டை ஒழித்தார்கள். கறையான் தின்றது போக எஞ்சிய பழைய செக்ரோல் புத்தகங்களை வெளியே குவித்தார்கள். இடத்தை அடைக்கும் குப்பை என்று தீயிடச் சொன்னவர்களில் நாமும் ஒருவர். ஆள் பெயர், எண், வேலை செய்த நாள், பிடித்தம் என்று கோடு கோடாக இருந்த பக்கங்கள் சுருண்டு எரிந்தன. ஒரு புத்தகத்தின் நடுவிலிருந்து மடித்த கடிதம் ஒன்று விழுந்தது. கிராணியாரின் மேற்பார்வைக்கு என்று முகவரியிட்டு, தமிழகத்திலிருந்து வந்தது. ஒரு தாய் யாரையோ கொண்டு தன் மகனுக்கு எழுதுவித்தது. மழையில்லை என்றும், கடன்காரர் வாசலில் நிற்கின்றார் என்றும், உயிரோடிருப்பதற்கு அடையாளமாக ஒரு வரியாவது எழுதிப் போடும்படியும் இருந்தது. உரியவனிடம் அது சேர்ந்ததா, அல்லது நமக்கு முன்னிருந்த கிராணி ஒருவர் புத்தகத்தில் வைத்து மறந்துவிட்டாரா என்பது தெரியவில்லை. அந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். மற்றவை சாம்பலாயின.

அந்தச் சாம்பலின் விலை என்னவென்று பின்னரே உணர்ந்தோம். 1942-க்கும் 1945-க்கும் இடையே சயாம் ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழர் பல்லாயிரவர். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர்க்கு அத்தகைய பெயர்ப்பட்டியல் இல்லை. பிரட்டில் பெயர் கூப்பிட்ட புத்தகங்கள் எல்லாத் தோட்டங்களிலும் நின்றிருந்தால், அவர்களுட் சிலரையேனும் இன்று பெயர் சொல்லி அழைக்கலாம்.

டௌன் என்ற சிற்றூரில் ஒரு மனிதர், தோட்டக்காரன் எழுதிய கடிதத்தையும் குப்பை என்று எறியவில்லை. ஆகையால்தான், பெயரில்லாமலேனும் அந்தத் தாயின் முகம் நம் வரையில் வந்து சேர்ந்தது. நம் மக்களின் கடிதங்களைக் காக்க டார்வினும் வரப்போவதில்லை, கேம்பிரிட்ஜும் வரப்போவதில்லை. அது நம் வேலை.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டனுக்கு வந்த கடிதம், கப்பல் சீட்டு, பழைய அடையாள அட்டை, பேர்ச் சீட்டு எது இருந்தாலும் எறியாதீர்கள். படங்களின் பின்புறத்தில் யார், எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று எழுதி வையுங்கள். எண்பது வயதுப் பாட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அருகில் உட்கார்ந்து, பிள்ளைகளை இழந்தவளாயின் அப்பிள்ளைகளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மைப் போன்றோர், பழைய புத்தகங்களைத் தீயிடச் சொல்லும் உத்தரவு வந்தால், ஒருநாள் தவணை கேட்டுப் பெயர்களையாவது படி எடுத்து வையுங்கள்.

அந்தத் தாயின் கடிதம் இப்போது நம் மேசை இழுப்பறையில் இருக்கின்றது. மகனின் பெயர் அதில் தெளிவாக எழுதியிருக்கின்றது. அவ்வூருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கின்றோம்.